எய்கிலின் பாதி

சமையலறைக் கதவின் மரச்சட்டத்தில் இரண்டு பென்சில் கோடுகள் இருக்கின்றன. மேல் கோடு பிரேபனுடையது, கீழ்க்கோடு அவரோடு துணையாக வாழ்ந்த எய்கிலுடையது. 1985ஆம் ஆண்டின் கடைசி நாளில் இருவரும் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, யார் உயரம் என்று வாதம் முற்றி, ரொட்டி வெட்டும் பலகையைத் தலைமேல் படுக்கவைத்துக் கிழித்துக்கொண்ட கோடுகள் அவை. இரண்டுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர். அந்த ஆறு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு பிரேபன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. எய்கில் சாகும்வரை அவனைக் 'குள்ளா' என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது பிரேபனுக்கு அறுபத்தேழு வயது. எய்கிலுக்கு இன்னமும் முப்பத்தாறுதான், செத்தவனுக்கு வயது ஏறுமா? ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பிரேபன் அந்தச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, அதே பலகையைத் தலைமேல் வைத்து, கையால் தடவி அளந்து பார்ப்பார். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு விரற்கடை குறைந்திருந்தது. அப்புறம் இரண்டு. இந்த நவம்பரில் பலகைக்கும் எய்கிலின் கோட்டுக்கும் நடுவே ஒரு சிகரெட் நுழையும் இடம்தான் மிச்சம் இருந்தது.

எலும்பு கரைகிறது என்றார்கள் டாக்டர்கள். முதுகெலும்பில் இரண்டு கட்டை நசுங்கிவிட்டதாம். எய்கில்தான் கீழே இழுக்கிறான் என்பது பிரேபனின் எண்ணம். அந்தக் கோட்டைத் தொடும் நாளோடு தன் கதை முடிந்தது என்று அவர் தனக்குத்தானே முடிவு கட்டியிருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் எலும்பு டாக்டரை விட்டுவிட்டு மூளை டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று தெரியாத ஆள் இல்லை அவர்.

எச்.ஐ.வி. அவரைக் கொல்லவில்லை. எய்கிலைக் கொன்றது, இவரை விட்டுவிட்டது. தொண்ணூற்றாறில் நல்ல மருந்துகள் வந்து கையைப் பிடித்துக் கரையேற்றின. கரையேற்றிய கை சும்மா இருக்கவில்லை. முதலில் வந்த மருந்து கன்னத்துச் சதையைத் தின்று, தொப்பையைக் கொண்டுவந்து வைத்தது. அடுத்தது சர்க்கரையை ஏற்றிவிட்டது. அதற்கடுத்தது, பத்துப் பன்னிரண்டு வருடம் விசுவாசமாக உடம்பைக் காத்த அந்த மாத்திரை, சந்தடியில்லாமல் எலும்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. "முன்னெல்லாம் சாகாம இருக்க மாத்திரை தின்னேன். இப்போ அந்த மாத்திரையால சாகாம இருக்க வேற மாத்திரை திங்கிறேன்" என்று பிரேபன் சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களும் சிரிப்பார்கள்.

முகம் மட்டும் சிரிக்க விடவில்லை. கன்னம் இரண்டும் குழிந்து, நெற்றிப்பொட்டு இடுங்கி, கண்கள் உள்ளே போய், இருபது வருடமாகக் கண்ணாடியில் தெரிவது எய்கிலின் கடைசி மாதத்து முகம். அசப்பில் அல்ல, அச்சாக. அதனால் பிரேபன் கண்ணாடி பார்க்காமல், கைத்தடவலிலேயே சவரம் செய்யப் பழகிக்கொண்டார். தாடையில் எப்போதும் ஒரு கீறல் இருக்கும்.

எய்கில் இருப்பது இந்த வீட்டில்தான். நகரத்தின் வெஸ்டர்புரோ பகுதியில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எண்பத்தாறு படி. வீடே எய்கிலுடையதுதான். வாசல் பலகையில் இன்றைக்கும் இரண்டு பெயரும் உண்டு. சன்னலோர நாற்காலியில் அவன் இருப்பான். ஒருநாளும் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. இருமல் மட்டும் கேட்கும், அந்தப் பழைய வறட்டு இருமல். காப்பி கொதிக்கும்போது ஒன்று, மாலை நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும்போது ஒன்று. அது கேட்கும்போதெல்லாம் பிரேபனுக்குப் பயமாக இருக்கும். கேட்காத நாளில் அதைவிடப் பயமாக இருக்கும். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் அவர் முப்பத்துமூன்று வருடம் குடித்தனம் நடத்தினார்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, மருத்துவமனையில் வருடாந்திரப் பரிசோதனை. நர்ஸ் சோல்வை தொண்ணூற்றேழிலிருந்து அந்தப் பிரிவில் இருப்பவள். பிரேபனின் ரத்தம் எத்தனை குப்பி எடுத்திருப்பாளோ, கணக்கே கிடையாது. அவளுக்கே இப்போது ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது.

"பெரியவரே, ஷூவைக் கழட்டிட்டு ஏறுங்க. குதிகாலைத் தூக்குனா எனக்குத் தெரியும்."

"நான் எதுக்கும்மா தூக்கப் போறேன்?"

"போன வருஷம் தூக்குனீங்களே. பாலே ஆடற மாதிரி நின்னீங்க." அவள் அளவுகோலின் தகட்டை அவர் உச்சந்தலையில் இறக்கினாள். இன்னொரு முறை இறக்கிப் பார்த்தாள். "நூத்தி எழுபத்தஞ்சரை."

"உன் கோல் கோணல்."

"கோல் நேராத்தான் இருக்கு. நீங்கதான் கோணல்." சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. "உட்காருங்க. காப்பி தரேன். அந்த வெண்ணெய் ரொட்டி உங்களுக்கில்ல, அதைப் பார்க்காதீங்க. சர்க்கரை ஏழரையில நிக்குது."

"ஏழரை அங்கேயே நிக்கட்டும். நான் அதோட வம்புக்குப் போகல."

சோல்வை கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இடுப்பெலும்பின் படம். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாக இருந்தது.

"எனக்கு ஒண்ணு புரியல பிரேபன். பழைய மாத்திரையை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. புதுசு எலும்புப் பக்கமே போகாது. எலும்புக்குன்னு தனியா வாரம் ஒண்ணு கொடுத்தாச்சு. இத்தனைக்கும் அப்புறம் எலும்பு ஏறணும், இல்ல நின்ன இடத்துல நிக்கணும். உங்களுது இறங்குது. டாக்டர் மண்டையைப் பிச்சுக்கிறார்."

"அவருக்கு ஏற்கெனவே மண்டையில ஒண்ணும் இல்லையே."

"பேச்சை மாத்தாதீங்க. ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்துலதானே போடறீங்க?"

"வெறும் வயித்துல."

"தண்ணி?"

"ஒரு கிளாஸ் முழுசா."

"அரை மணி நேரம் படுக்காம, சாயாம, நிமிர்ந்து?"

"சர்ச்சுல முதல் வரிசையில உட்கார்ற மாதிரி."

"மாத்திரை முழுசா?"

பிரேபன் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். சோல்வை திரையில் எதையோ தட்டினாள். மருந்துக் கடையில் அவர் வாங்கிய பட்டியல் வந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு ஒம்போது பெட்டி வாங்கியிருக்கணும். வாங்கினது அஞ்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "அஞ்சு பெட்டி எப்படிங்க ரெண்டு வருஷம் வரும்?"

"பாதியா வெட்டிக்கிறேன்."

"ஏன், தொண்டையில இறங்கலயா? அதை வெட்டவே கூடாதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, புண்ணாக்கிடும்னு."

"இறங்குதே, நல்லா இறங்குது."

"அப்போ மறு பாதி?"

"எய்கிலுக்கு" என்றார் பிரேபன்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள், அல்லது பரிதாபமாகப் பார்த்திருப்பார்கள். சோல்வை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எய்கிலை அவள் பார்த்ததில்லை, அவள் வேலைக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பே அவன் போய்விட்டான். ஆனால் அவனைப் போன்றவர்களின் மிச்சங்களோடுதான் அவள் வாழ்நாளெல்லாம் குப்பை கொட்டியிருக்கிறாள். "சொல்லுங்க" என்றாள்.

யாரிடமும் சொல்லாததை பிரேபன் அன்றைக்குச் சொன்னார்.

எண்பத்தேழில் இருவருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஒரே நாளில் முடிவு சொன்னார்கள். எய்கில் வீட்டுக்கு வந்து வழக்கம்போல வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான். பிரேபனால் அது முடியவில்லை. அவர் தபால் நிலையத்தில் தெருவாரியாகக் கடிதம் பிரிப்பவர். வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் துறைமுகத்து விளிம்பில் போய் நிற்பார். இரண்டு முறை எய்கில் தேடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தான். மூன்றாம் முறை தன்னால் முடியாமல் போகலாம் என்று அவனுக்குப் பயம்.

அடுத்த வருடம் புது மருந்துக்கு ஓர் ஆய்வு வந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு மாவு அடைத்த வெற்றுக் கேப்சூல் உறை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. எய்கில்தான் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்தான். ஆளுக்கொரு பழுப்புப் புட்டி வந்தது.

எய்கில் மதியச் சாப்பாட்டுக் கடையில் சமையற்காரன். அவன் நாக்கு ஊர் அறிந்த நாக்கு. ஊறுகாய் மீனை நுனிநாக்கில் வைத்து, இது போன வாரத்து வினிகர், இது நேற்றையது என்று சொல்லிவிடுவான். புட்டிகள் வந்த அன்று மாலை அவன் இரண்டிலிருந்தும் ஒவ்வோர் உறையைத் திறந்து, பொடியை நாக்கில் தொட்டுப் பார்த்தான். முதலில் பிரேபனுடையது. சப்புக்கொட்டி, தோளைக் குலுக்கினான். அப்புறம் தன்னுடையது. முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

"ஐயய்யோ, கசப்புன்னா கசப்பு, காட்டுக்கீரை வேரைக் கடிச்ச மாதிரி! பிரேபன், என்னோடது நிஜம்டா! உன்னோடது வெறும் மாவு."

"அப்போ நீயே தின்னுடா. ஒருத்தனாவது பொழைக்கட்டும்."

"மூடு வாயை. இந்த வீட்டுல ஒருத்தன் தனியா எதைத் தின்னிருக்கான்? பாதி பாதி."

"எனக்கும் கொஞ்சம் நாக்குல வை, பார்க்கிறேன்."

எய்கில் அவர் கையைப் பட்டென்று அடித்தான். "வீணாக்காதே. உன் நாக்குக்குத் தபால்தலைப் பசையைத் தவிர வேற என்ன தெரியும்?"

அன்றிலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் எய்கில் இரண்டு பொடிகளையும் ரொட்டிப் பலகையில் கொட்டி, தன் சமையல் கத்தியால் கலந்து, சரிபாதியாகப் பிரிப்பான். கசப்புத் தெரியாமலிருக்க புளிப்பான ரபார்ப் தண்டு ஜாமில் குழைத்து, ஆளுக்கொரு கரண்டி. அந்த வருடங்களில் வேறு சில வீட்டுச் சமையலறைகளிலும் இப்படிப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். பிரேபன் துறைமுகத்துப் பக்கம் போவதை நிறுத்தினார். இரண்டரை வருடம் ஒருவேளைகூடத் தவறாமல் அந்தக் கரண்டியை நக்கினார்.

எய்கில்தான் இளைத்தான். தொண்ணூற்றொன்று மார்ச்சில் மருத்துவமனையில் படுத்துவிட்டான். அதே வாரம் ஆய்வு முடிந்து இருவர் பெயருக்கும் இரண்டு கடிதங்கள் வந்தன, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்ற விவரத்தோடு. பிரேபன் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

எய்கில் உறைகளைப் பார்த்தான். "திறக்காதே" என்றான். "எனக்கு வாக்குக் கொடு. தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? கொண்டுபோய் மாவு டப்பாக்கு அடியில வை."

நாலாம் நாள் போய்விட்டான்.

"அவ்வளவுதான்" என்றார் பிரேபன் சோல்வையிடம். "நிஜ மருந்து அவனுக்கு வந்தது. அதுல பாதியை நான் தின்னேன். அவன் செத்தான், நான் இருக்கேன். என் எச்.ஐ.வி. மாத்திரையை முழுசாத்தான் போடறேன், தொண்ணூத்தேழுல உனக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். அது அவன் போனப்புறம் வந்தது, அதுல அவனுக்குப் பங்கில்ல. ஆனா இந்த எலும்பு மாத்திரை... பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தேன். வெள்ளையா, அதே மாவு மாதிரி. கத்தி அதுவா கைக்கு வந்துடுச்சு. பாதியை அவன் முன்னால சாசர்ல வைப்பேன். திங்கக்கிழமை எடுத்து ஜாம் பாட்டில்ல போட்டுடுவேன்."

"அந்த மருந்து தனியாக் கொடுத்தா யாரையும் காப்பாத்தல, பிரேபன். முழுசாத் தின்னவங்களும் செத்துத்தான் போனாங்க. நீங்க படிச்சிருப்பீங்களே."

"எனக்குத் தெரியும்மா."

"பின்ன?"

"அவனுக்குத் தெரியாதே."

சோல்வை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுக்கப் பிடிக்கும் அதே பிடி.

"நான் உங்க எய்கிலோட சண்டைக்கு வரல. கடிதத்தைத் திறங்கன்னும் சொல்லல, அது உங்க ரெண்டு பேர் பாடு. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஒரு நாள் படியில கால் தடுக்கும். இடுப்பு போயிடும், இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். அப்புறம் எண்பத்தாறு படி கனவுலகூட ஏற முடியாது. ஊருக்கு வெளிய ஒரு விடுதியில தரைத்தளத்துல படுக்கப் போடுவாங்க. அப்போ அந்தச் சாசரை எங்க வைப்பீங்க?"

முப்பத்துமூன்று வருடத்தில் இப்படி அவர் யோசித்ததே இல்லை. அவன் இழுப்பது மட்டும்தான் தெரிந்தது. அவனைத் தனியே விட்டுவிட்டுப் போக நேரும் என்று தோன்றவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது நாலு மணி, நல்ல இருட்டு. இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. அந்த மாடியில் குடியிருக்கும் இங்கர் என்ற கிழவி அங்கே ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறாள். தனக்காக என்று சொல்லுவாள், ஆனால் அவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பிரேபன் உட்கார்ந்தார். முதுகில் நசுங்கிய கட்டைகள் இரண்டும் சுண்டி இழுத்தன. மேலே இரண்டு மாடிக்கு அப்பால், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. அவ்வளவு தூரம் கேட்க வழியே இல்லை, ஆனாலும் கேட்டது.

"வரேண்டா" என்றார் பிரேபன் இருட்டைப் பார்த்து. "கொஞ்சம் பொறு. வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. பிரேபன் வெறுங்காலோடு கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்தார். குதிகாலைத் தூக்கவில்லை. பலகையைத் தலைமேல் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கீழிருந்து நகர்ந்து வந்து திரும்பிப் பார்த்தார்.

பலகை கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. இம்மியளவும் இடைவெளி இல்லை.

பலகையை மேசைமேல் போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் இருமல் எழுந்தது, இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. பிரேபனுக்கு அழுகை வந்துவிட்டது. பயம்தான், வேறொன்றுமில்லை. நாற்பது வருடம் சாவோடு ஒரே வீட்டில் குடியிருந்தவருக்கும் சாகப் பயமாகத்தான் இருந்தது.

"சரி, வந்துட்டேன் குள்ளா" என்றார். "உன் உயரத்துக்கே வந்துட்டேன். இப்போ சமம். இப்போ என்ன பண்ணணும், சொல்லு!"

மேசைமேல் ரொட்டிப் பலகை, அதன்மேல் இந்த வாரத்து மாத்திரை, பக்கத்தில் எய்கிலின் கத்தி, வெறும் சாசர். அலமாரியில் மாவு டப்பா. பிரேபன் எழுந்து போய் டப்பாவைத் தூக்கினார். அடியில் இரண்டு உறைகளும் மஞ்சளேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"வாக்குக் கொடுத்தேன், தெரியும். ஆனா நீ என் உசுரை எடுக்கப்போறேன்னா, எந்தக் கடனுக்குன்னு காகிதத்துல பார்த்துடறேன்."

கத்தி முனையால் முதலில் தன்னுடையதைக் கிழித்தார். தட்டச்சு செய்த நாலு வரி. ஆய்வுக் காலம் முழுவதும் தங்களுக்கு அளிக்கப்பட்டது மருந்து கலவாத வெற்று உறை. எதிர்பார்த்ததுதான். மாவு. மடித்து வைத்தார்.

எய்கிலின் உறையைக் கிழிக்க வெகுநேரம் ஆயிற்று. காகிதம் இற்றுப்போய்க் கையோடு வந்தது. மேலே அவன் பெயர், ஓர் எண், அதற்குக் கீழே நாலு வரி.

அதே நாலு வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை. மருந்து கலவாத வெற்று உறை.

பிரேபன் மறுபடி படித்தார். தன் கடிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். பெயர்கள் மாறிப்போயிருக்குமோ என்று எண்களைப் பார்த்தார். புட்டியில் ஒட்டியிருந்த எண்கள் அவருக்கு மனப்பாடம், தபால் பிரித்தவர் ஆயிற்றே. எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு புட்டியிலும் மாவு. இரண்டரை வருடம், காலையும் மாலையும், மாவையும் மாவையும் கத்தியால் கலந்து, குண்டுமணி பிசகாமல் பாதி பாதியாகப் பிரித்திருக்கிறான் அந்தப் படுபாவி.

அப்புறம்தான் அந்த நாக்கு ஞாபகம் வந்தது.

போன வாரத்து வினிகரையும் நேற்றைய வினிகரையும் பிரித்துச் சொல்லும் நாக்கு. அந்த நாக்குக்கா மாவு தெரியவில்லை? முதல் நாளே, முதல் பொடியிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் முகத்தைக் கோணி, குழாயடிக்கு ஓடி, காட்டுக்கீரை வேர் என்று நாடகம் போட்டிருக்கிறான். தொட்டுப் பார்க்கப்போன கையை அடித்திருக்கிறான். ஜாம் எதற்கு? கசப்பை மறைக்கவா? மறைக்க அங்கே கசப்பே இல்லை என்பதை மறைக்க. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? பிரேபனின் மதி அப்போது துறைமுகத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. அங்கே நிற்பவனை உள்ளே கூப்பிட, இருப்பதில் பாதி உனக்கு என்று சொல்ல, எய்கிலிடம் ஒன்றுமே இல்லை. அதனால் ஒன்றை உண்டாக்கினான். மருத்துவமனையில் திறக்காதே என்று வாக்கு வாங்கியதும் அதற்குத்தான். பொய் தெரிந்தால் தனக்குப்பின் இவன் நேரே தண்ணீருக்குப் போவான் என்று.

"பொய்க்காரா!" என்று கத்தினார் பிரேபன். "முப்பத்துமூணு வருஷம்டா! உன் உசுரைத் தின்னுட்டேன்னு முப்பத்துமூணு வருஷமா ஒரு வாய் சோறு நிம்மதியாத் தின்னல. உன் மூஞ்சியை என் மூஞ்சியில வச்சுக்கிட்டுக் கண்ணாடிகூடப் பார்க்கல. எல்லாம் மாவுக்காடா? நாசமாப் போறவனே, கேவலம் மாவுக்கா?"

முதுகு வலித்தது. அந்தக் கோபத்திலேயே மாத்திரையை எடுத்தார். வெட்டவில்லை. முழுசாக வாயில் போட்டு, பெரிய கிளாஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துக் கிளாஸை நங்கென்று வைத்தார்.

"இதுல உனக்குப் பங்கில்ல" என்றார். "எதுலயும் இல்ல. எனக்கு எலும்பு வேணும். நான் இந்த வீட்டுல இருக்கணும்."

முட்டை வேகவைக்கும் மணியை அரை மணிக்குத் திருகிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கட்கட்கட்டென்று அது ஓடியது. கோபம் மெல்ல மெல்லத் தணிந்து, அடியில் இருந்தது மேலே வந்தது. தன்னைப் பிழைக்க வைக்க இப்படியொரு பொய்யைத் தினம் இரண்டு வேளை, செத்துக்கொண்டிருந்த கையால், கரண்டியில் குழைத்துக் கொடுத்தவன். ஒருநாளாவது சலித்துக்கொண்டானா? தனக்கு மருந்து இல்லை என்று தெரிந்தே, ஒவ்வொரு காலையிலும் அந்தக் கரண்டியைத் தானும் நக்கிவிட்டு, "அப்பா, என்ன கசப்பு" என்று முகத்தைச் சுளித்தானே.

"குள்ளா" என்றார் பிரேபன். இப்போது குரலில் சண்டை இல்லை.

காப்பி கொதித்து அடங்கியது. அந்த நேரத்தில் வழக்கமாக வரும் இருமல் வரவில்லை. எதிரே சன்னலோர நாற்காலி, அதன்மேல் ஈரமான காலை வெளிச்சம். ஒரு நாற்காலி, அவ்வளவுதான். பிரேபன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். மாடிப்படியில் யாரோ இறங்கினார்கள், கீழே சைக்கிள் மணி கேட்டது, மழைநீர் குழாயில் சொட்டியது. இத்தனை வருடமும் போய்த்தொலை, போய்த்தொலை என்று மனதுக்குள் விரட்டிக்கொண்டிருந்தவன் போய்விட்டான். அவனை அந்த நாற்காலியில் கட்டி வைத்திருந்தது இவருடைய குற்ற உணர்வுதான். கயிற்றை இவர் கையாலேயே அறுத்தாயிற்று.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியா? சும்மா சொன்னேன்டா. வா. பொய் சொன்னாப் பரவாயில்ல, இன்னொண்ணு சொல்லு, கேட்டுக்கிறேன். வாடா."

மணி அடித்தது. இனிமேல் சாயலாம், படுக்கலாம், ரொட்டி தின்னலாம். பிரேபன் அசையவில்லை. எதிர் நாற்காலியைப் பார்த்தபடி, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.